நாற்பது விநாடித் தாமதம்

ரகுபதி மூன்றாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எதைப் படித்தாலும் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பார். ராயபுரத்து அரசாங்க ஆபீஸ் வராந்தாவில், அவர் கையில் திணித்த ஒற்றைத் தாளைப் படித்து முடிக்க அரை மணி ஆனது. அதற்குள் கூட வந்த குப்பத்து ஆட்கள் பதினாறு பேரும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போய், திரும்பியும் வந்துவிட்டார்கள்.

தாளில் இரண்டே வரி. "எச்சரிக்கை கிடைத்த உடனே எங்கள் படகுகளை நிறுத்தினோம். எந்த நேரத்திலும் எவருக்கும் எந்த ஆபத்தும் ஏற்படவில்லை."

"இன்னா மாமா, போட்டியா?" என்று கேட்டான் செங்குட்டுவன். ரகுபதியின் மனைவி கன்னியம்மாவின் தம்பி. முப்பது வருஷமாக மாமனும் மச்சானும் ஒரே படகில்தான் தொழில்.

"நின்னோமாடா நாம?"

"நின்னா இன்னா, நிக்காங்காட்டி இன்னா? புடிச்சி வெச்சிகீற போட்டு திரும்பி வந்தா போதும். பதினோரு நாளா வூட்ல குந்திகினு டிவி பாக்கறேன். என் பொண்டாட்டி என்னைப் பாக்கற பார்வையே சரியில்ல."

"அது முப்பது வருசமாவே சரியில்ல. நின்னோமா, அத சொல்லு."

செங்குட்டுவன் தாளை எட்டிப் பார்த்தான். சொல்ல என்ன இருக்கிறது? பக்கத்திலேயே இருந்தவன்தானே அவனும்.

பதினோரு நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை. எல்லையில் இரண்டு வாரமாகச் சண்டை. டிவிக்காரர்கள் நம்மிடம் அணுகுண்டு எத்தனை, அவனிடம் எத்தனை என்று சீட்டாட்டத்தில் ஜோக்கரை எண்ணுகிறவர்கள் மாதிரி எண்ணிக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் போர் ஒத்திகை நடக்கும், சைரன் ஊதும், யாரும் பயப்படாதீர்கள் என்று முந்தின நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். சரி, நாலு மணிக்குத்தானே என்று குப்பத்தில் பதினேழு படகுகள் விடியற்காலையிலேயே கடலில் இறங்கிவிட்டன.

சைரன் ஊதியது காலை பத்து இருபதுக்கு.

ஊதியது கரையில் நிற்கும் மஞ்சள் கம்பம். சுனாமி வந்து குப்பத்தை வழித்துக்கொண்டு போன பிறகு நட்டது. சுனாமிக்கென்றே நட்டது. போருக்கும் அதையே ஊதுவார்கள் என்று எந்த ஆட்டோவும் சொல்லவில்லை. கூடவே எல்லார் போனிலும் ஒரு செய்தி அலறியது: அணு ஆயுத ஏவுகணை வருகிறது, உடனே உள்ளே செல்லவும், இது ஒத்திகை அல்ல. ஒத்திகைக்காக எழுதி வைத்திருந்த செய்தி. யாரோ ஒருவன் சரி பார்க்கிறேன் பேர்வழி என்று தொட்டிருக்கிறான். ஒத்திகைப் பட்டனும் நிஜப் பட்டனும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்திருக்கின்றன. செய்தி போய்விட்டது, சைரனும் ஊதிவிட்டது.

படகில் இருப்பவன் போனை எங்கே பார்ப்பான்? பாலிதீன் பையில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்திருப்பான். ரகுபதிக்குக் கேட்டது கம்பத்தின் சத்தம் மட்டும்தான். கரையிலிருந்து ஒரு மைல் இருக்காது, ஆறு பாகம், அதாவது ஆறு ஆள் ஆழம். அலை எழும்பினால் படகைத் தூக்கிக் கரையிலேயே அறையும் ஆழம் அது. அப்படி ஒரு சத்தம் கேட்டால் கடலில் இருப்பவன் கரைக்கு வரக்கூடாது. கிழக்கே பார்த்து ஆழத்துக்கு ஓடவேண்டும். இருபது பாகம் தாண்டிவிட்டால் அலை அடியில் போய்விடும், படகுக்குத் தெரியவே தெரியாது. சுனாமி அன்றைக்கு ஆழத்தில் இருந்தவர்கள் ஒருவரும் சாகவில்லை. கரையில் இருந்தவர்களைத்தான் மூலக்கொத்தளம் சுடுகாட்டில் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். ரகுபதியின் அண்ணனும் அந்த வரிசையில் இருந்தார்.

அதற்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு ஒன்று உண்டு. குப்பத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. சத்தம் கேட்டால் நீ ரயில் ரோட்டுப் பக்கம் ஓடு, நான் ஆழத்துக்கு ஓடுகிறேன், ஒருவரை ஒருவர் தேடக்கூடாது.

"வலைய அறுடா!" என்றார் ரகுபதி.

செங்குட்டுவன் அறுத்தான். புது வலை. சுற்றிலும் பதினாறு படகிலும் அதே வேலைதான். பதினேழு எஞ்சினும் ஒன்றாகக் கத்தின. பதினேழு படகும் மூக்கைக் கிழக்கே திருப்பிக்கொண்டு, உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடின.

கிழக்கே, எண்ணூர் துறைமுக வாய்க்கு வெளியே, இரண்டு வாரமாக ஒரு சாம்பல் நிற ரோந்துக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. சண்டைக்காக வந்து நின்ற கப்பல். அங்கேயும் அதே செய்தி போயிருக்கிறது, ஏவுகணை வருகிறது என்று. அங்கிருந்து பார்த்தவனுக்கு என்ன தெரிந்திருக்கும்? செய்தி வந்த மூன்றாவது நிமிஷம், பதினேழு படகு, வலை இல்லாமல், முழு வேகத்தில், கப்பலைப் பார்த்து வருகின்றன.

முதலில் இந்தியில் கத்தினார்கள். அப்புறம் இங்கிலீஷில். அப்புறம் விளக்கை வெட்டி வெட்டிக் காட்டினார்கள். ரகுபதி எல்லாவற்றையும் பார்த்தார், கேட்டார். மலை மாதிரி அலை வருமுன் ஆழத்தைப் பிடிக்கவேண்டும் என்று ஓடுகிறவன் விளக்கையா மதிப்பான்? அவர் கன்னியம்மாவை நினைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு முட்டி வலி. ரயில் ரோடு வரைக்கும் ஓடியிருப்பாளா என்பதே நினைப்பு.

அப்போது கப்பலின் முன்பக்கத்துப் பீரங்கி திரும்பியது. நீளமாகத் தெரிந்த குழாய், திரும்பித் திரும்பி, கடைசியில் ஒரு கறுப்பு வட்டமாக நின்றது. குழாய் வட்டமாகத் தெரிந்தால் அது உன்னைப் பார்க்கிறது என்று அர்த்தம்.

"மாமா, சுடப்போறான்!"

"சுட்டா சுடட்டும். அலை மட்டும் கொஞ்சுமா? கெட்டியா புடிச்சிக்கோடா!"

அதைச் சொன்ன தன் வாயை ரகுபதி பிறகு பல நாள் நினைத்துப் பார்த்ததுண்டு.

திடீரென்று ஒலிபெருக்கியில் வேறொரு குரல் வந்தது. தமிழ். கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழ்.

"அலை ஒண்ணும் வரேல்ல! சுனாமி இல்ல! கடலப் பாருங்க அண்ணன்மாரே, அலை இல்ல! வள்ளத்த நிறுத்துங்க!"

ரகுபதி சுற்றிலும் பார்த்தார். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. கரையில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் எப்போதும்போல் நின்றன. கை தானாக எஞ்சினை அணைத்தது. மற்றப் படகுகளின் எஞ்சினும் ஒவ்வொன்றாக அணைந்தன. செங்குட்டுவன் ஐஸ் பெட்டியைத் திறந்து, பாலிதீன் பையிலிருந்து போனை எடுத்தான்.

கப்பல் கிட்டே வந்தது. பீரங்கிக்குப் பின்னாலிருந்து ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். ஒல்லியான ஆள், மைக் இன்னும் கையில் இருந்தது. "சுனாமி அன்னைக்கு எங்கப்பாவும் இப்பிடித்தான் ஆழத்துக்கு ஓடினாரு," என்றான். அதற்கு மேல் சொல்லவிடாமல் யாரோ "ரெஜி!" என்று அதட்டி உள்ளே கூப்பிட்டார்கள்.

அவ்வளவுதான். படகுகளைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்த் துறைமுக வேலிக்குள் போட்டுப் பூட்டினார்கள். கரையில் கன்னியம்மா ரயில் ரோட்டுக் கல்லில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் டிவியில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், சிறு தொழில்நுட்பக் கோளாறு என்று.

"ஐயா, கூப்பிடப் போறாங்க," என்று வராந்தாவில் வந்து நின்றாள் செங்கொடி. வியாசர்பாடி வக்கீல், குப்பத்துக்காகப் பேச வந்தவள். ரகுபதிக்குக் கறுப்புக் கோட்டு போட்டவர்கள் யாரையும் பிடிக்காது. இவளை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டார், இவள் தாளைப் பார்த்துப் பேசாமல் ஆளைப் பார்த்துப் பேசினாள் என்பதால்.

"வக்கீலம்மா, அந்தத் தம்பி இன்னா ஆனான்? அலை இல்லன்னு சொன்னவன்."

செங்கொடி குரலைத் தாழ்த்தினாள். "அவர் மேல விசாரணை. ஃபைல்ல பாத்தேன். சுடச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. அவர் சுடாம பைனாகுலர்ல பாத்துகினே இருந்திருக்கார். 'உத்தரவை நிறைவேற்றுவதில் நாற்பது விநாடித் தாமதம்'னு எழுதியிருக்காங்க."

"தாமதமா?"

"ஆமா. நீங்கல்லாம் உடனே நின்னுட்டதா இந்தத் தாள் சொல்லுது. நின்ன படகை யாரும் சுடமாட்டாங்க, சரி. ஆனா ஓடற படகே இல்லன்னா, அவர் யோசிச்சு சுடாம இருந்தார்னு சொல்ல இடமே இல்ல. பயந்து கை ஓடாம நின்னுட்டார்னு எழுதுறாங்க. வேலை போயிடும்."

"அப்ப நாங்க நிக்கலன்னு சொன்னா?"

"அவர் யோசிச்சுத்தான் சுடலன்னு ஆகும். ஓடுற படகைப் பாத்தும், இவங்க சுனாமிக்குப் பயந்து ஓடறவங்கன்னு புரிஞ்சுகினார்னு ஆகும். ஆனா எச்சரிக்கைய மீறினதுக்கு உங்க மேல கேஸ். படகு வராது. வக்கீலா சொல்றேன் ஐயா, கையெழுத்துப் போடறதுதான் உங்களுக்கு நல்லது."

"வக்கீலா சொல்லாத, ஆளா சொல்லு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "இப்படித் தப்பா அலறறது மொதல் தடவ இல்ல ஐயா. ரொம்ப வருசத்துக்கு முன்னாடி, அமெரிக்காக்காரங்க புதுசா ஒரு ராடார் வெச்சாங்க. நிலா எழும்பறதப் பாத்து, ஏவுகணை கூட்டமா வருதுன்னு அது சொல்லிடுச்சு."

ரகுபதி அவளை முறைத்தார். "நெலாவப் பாத்தா?"

"நிலாவைத்தான்."

"நெலா எப்ப எழும்பும்னு கேட்டா கன்னியம்மா சொல்லுவாளே! அவளாண்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாமே!"

செங்குட்டுவன் சிரித்துவிட்டான். செங்கொடிக்கும் சிரிப்பு வந்தது. "அப்புறம் பயிற்சிக்கு வெச்சிருந்த டேப்பை நிஜ மிஷின்ல போட்டு, உண்மையாவே தாக்குறாங்கன்னு ஒரு தடவ அலறினாங்க. ரஷ்யாவுல, மேகத்து மேல வெயில் பட்டு மின்னினத ஏவுகணைன்னு மிஷின் சொல்லிச்சு. அங்க ராத்திரி டூட்டில இருந்த ஆபீசர் ஒருத்தர் நம்பல. பொய் எச்சரிக்கைன்னே மேல சொல்லிட்டார். அதனாலதான் நாம இங்க உக்காந்து பேசிகினு இருக்கோம்."

"அவுருக்கு இன்னா குடுத்தாங்க?"

"டூட்டி நோட்டு சரியா எழுதலன்னு திட்டினாங்க."

ரகுபதி எழுந்து நின்றார். வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

மூவரும் உள்ளே போனார்கள். ஏசி குளிர். அதிகாரி மரியாதையாகவே பேசினார். வெள்ளைச் சட்டை, மேஜையில் பேனா வரிசை. குப்பத்துத் தலைவர் அப்பாவு ஏற்கெனவே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. போட்டா இன்னைக்கே எல்லாப் படகையும் விட்டுடுவோம்."

"போடறேன் சார். அதுக்கு முன்ன ஒரு சந்தேகம். அன்னிக்கி மேல இன்னா நடந்துச்சு?"

"மேலேன்னா?"

"குண்டு வெச்சிகினு இருக்காங்களே, அந்த மேல."

அதிகாரி பேனாவை உருட்டினார். "அதெல்லாம் சொல்ற விஷயம் இல்ல. தகவல் போச்சு. முடிவெடுக்க ஏழு நிமிஷம். ஆனா நாலாவது நிமிஷத்திலேயே தப்புன்னு தெரிஞ்சிடுச்சு. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. பயப்படவே வேண்டாம்."

"எப்டி தெரிஞ்சிச்சு?"

"கடல்லேர்ந்து தகவல் வந்தது. படகுகள்லாம் மீனவர் படகுன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"யாரு சொன்னது? ரெஜின்னு ஒரு தம்பியா?"

அதிகாரி பேனாவைத் திரும்ப வரிசையில் வைத்தார்.

"அவன் சுட்டிருந்தா இன்னா தகவல் போயிருக்கும் சார்? எண்ணூராண்ட சண்ட ஆரம்பிச்சிடுச்சு, குண்டு வெடிக்குதுன்னுதான போயிருக்கும்? போன்லயும் ஏவுகணைன்னு சொல்லிகீது, கடல்லயும் சண்டைன்னா, மிச்ச மூணு நிமிசத்துல உங்க மேல இருக்கறவரு இன்னா செய்வாரு? டீ குடிப்பாரா?"

"பெரியவரே, அது உங்க வேலை இல்ல."

"எது என் வேல இல்ல? சாவறது என் வேலையா இல்லியா? எங்க குப்பத்துல ஒரு பையன் பட்டாச தப்பா கொளுத்துனா, அவன் காதப் புடிச்சி திருகுவோம். நீங்க ஊரையே கொளுத்தற பட்டன, ஒத்திகைப் பட்டனுக்குக் கீழயே வெச்சிகினு, யாரோ தெரியாம தொட்டுட்டான்றீங்க. இதே மாதிரி தொடற கைய அந்தப் பக்கத்துலயும் ஒருத்தன் வெச்சிகினு குந்திகினு இருக்கான் இல்ல? அவனுக்கும் நெலா எழும்பும், அவனுக்கும் மேகத்துல வெயிலு படும். அவன் கப்பல்ல ஒரு ரெஜி இருப்பான்னு இன்னா உத்தரவாதம்?"

"ரகுபதி, உக்காருபா," என்றார் அப்பாவு. "பதினாறு வூட்டு அடுப்பு கீது. நீ பேசிட்டுப் போயிடுவ."

அது நியாயமான பேச்சு. ரகுபதிக்கு அது தெரிந்தது. பதினாறு வீட்டையும் அவர் பெயர் பெயராக அறிவார். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் தெரியும். ஆனால் அந்தத் தாளில் விரலை வைத்தால், ஒல்லியாக ஒருவன் கையில் மைக்கோடு நின்றது கண்ணுக்கு வந்தது. சுடாமல் நின்ற நாற்பது விநாடிக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் தாமதம்.

"தலைவரே, மத்தவங்க போட்ட கையெழுத்து போட்டதுதான். அவங்க நின்னாங்களோ என்னமோ, நான் பின்னால திரும்பிப் பாக்கல." அதிகாரியிடம் திரும்பினார். "அவங்க போட்டுங்கள அவங்களாண்ட குடுத்துடு சார். என் போட்டு நிக்கல. நான் என் போட்டுக்கு மட்டும் சொல்றேன். ஒரு வெள்ளத் தாள் குடு."

செங்குட்டுவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அதிகாரி செங்கொடியைப் பார்த்தார். செங்கொடி தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள்.

எழுத நேரம் ஆனது. பேனாவை உளி மாதிரிப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். நடுவில் 'ஜி' எப்படிப் போடுவது என்று கேட்டார், செங்கொடி மேஜையில் விரலால் எழுதிக் காட்டினாள்.

"என் போட்டு நிக்கல. ரெண்டு தபா கத்துனாங்க, வெளக்கு காட்டுனாங்க. அப்பவும் நிக்கல. சைரன் கேட்டு சுனாமின்னு ஓடினேன். ரெஜி அது புரிஞ்சிகினு சுடல. அலை இல்லன்னு சொன்னான். அதுக்கு அப்புறம்தான் நின்னேன். அவன் லேட் பண்ணல. ரகுபதி."

"இதை ஃபைல்ல சேக்கணும்," என்றாள் செங்கொடி. "வாங்கினதா சீல் போட்டுக் குடுங்க சார்."

சீல் விழும் வரைக்கும் ரகுபதி உட்காரவில்லை. காகிதம் மேஜையைத் தாண்டிக் குப்பைக் கூடைக்குப் போகாது என்று அவருக்கு என்ன நம்பிக்கை? சீல் போட்ட நகலை வாங்கி, அதையும் விரல் வைத்துப் படித்துச் சரிபார்த்த பிறகே வெளியே வந்தார்.

பதினாறு படகும் அன்று மாலையே வந்துவிட்டன. ரகுபதியின் படகு வரவில்லை. எச்சரிக்கையை மீறியதாக வழக்கு, முடியும் வரைக்கும் வேலிக்குள்தான். செங்குட்டுவன் வேறு படகில் தொழிலுக்குப் போனான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு சங்கரா மீனைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "அக்காவுக்கு," என்று சொல்லிவிட்டுப் போனான். ரெஜி என்ன ஆனான் என்று தெரியவில்லை. விசாரணை நடக்கிறது, உங்கள் தாள் ஃபைலில் இருக்கிறது, அது மட்டும் நிச்சயம் என்றாள் செங்கொடி. பேப்பரில் மட்டும் கடைசிப் பக்கத்தில் நாலு வரி வந்திருந்தது. எந்த நேரத்திலும் எவருக்கும் எந்த ஆபத்தும் ஏற்படவில்லையாம்.

"மூஞ்சி தெரியாத ஒருத்தனுக்காவ போட்ட வுட்டுட்டு வந்துகீற," என்றாள் கன்னியம்மா, மாவுக்கட்டு போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

"மூஞ்சி பாத்தேன்மே."

"பாத்து?"

"சுட்டிருந்தா நீ இப்ப என்னாண்ட சண்ட போட மாட்ட."

"அந்த ஒரு புண்ணியத்துக்காவது சுட்டிருக்கலாம்," என்றாள் அவள். ஆனால் சங்கராவின் நடுத்துண்டை அவர் தட்டில்தான் போட்டாள்.

அடுத்த வாரம் கரையில் மஞ்சள் கம்பத்தின் மேல் ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான். கீழே இன்னொருவன் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரகுபதி போய்க் கீழே நின்றார்.

"இன்னாபா பண்றீங்க?"

"புது ஒலிபெருக்கி பெரியவரே. இனிமே கொழப்பமே வராது. ரெண்டு சத்தம். ஒண்ணு ஏத்தி எறக்கி ஊதும், ஒண்ணு ஒரே சீரா ஊதும்."

"அதுல சுனாமி எது, குண்டு எது?"

கீழே இருந்தவன் மேலே பார்த்தான். மேலே இருந்தவன் கீழே பார்த்தான்.

"ஏத்தி எறக்கறதுதான் சுனாமி... இல்ல, அது போருன்னு நெனைக்கிறேன். கேட்டுச் சொல்றேன் பெரியவரே."

ரகுபதி ஒரு மீன் கூடையைத் தேடி எடுத்து, கவிழ்த்துப் போட்டு, கம்பத்துக்கு அடியிலேயே உட்கார்ந்தார்.

"போன் போடு. இப்பவே கேளு. யாரு தெரியலன்னு சொல்றானோ, அவன் பேரையும் கேட்டுச் சொல்லு. நான் இங்கதான் குந்திகினு இருப்பேன். எனக்குத்தான் போட்டு இல்லியே."